சேரா மடப் பல்கலைக்கழகம்: வாதம் ஒரு சமயப் பயிற்சியாக

கர்நாடகத்தின் மைசூரு மாவட்டத்தில், குடகு எல்லையை ஒட்டிய பைலக்குப்பேயில் சேரா மடம் இயங்குகிறது. திபெத்திய பௌத்தத்தின் கெலுக் மரபைத் தோற்றுவித்த சோங்கபா (1357–1419), லாசாவுக்கு அருகே 1409இல் கண்டேன் மடத்தை நிறுவினார். அவருடைய மாணவர்கள் 1416இல் டிரேபுங் மடத்தையும் 1419இல் சேரா மடத்தையும் எழுப்பினார்கள். மூன்றும் ஆயிரக்கணக்கான துறவிகள் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகங்களாக வளர்ந்தன. 1959இல் லாசாவில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், தப்பி வந்த துறவிகள் பலர் வங்காளத்தின் பக்ஸாவில், ஆங்கிலேயர் காலத்துச் சிறைமுகாம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டனர். புழுக்கத்திலும் காசநோயிலும் பலர் மாண்டார்கள். அங்கேயும் பாடமும் வாதமும் நிற்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பின், 1970ஐ ஒட்டி, சேராவைச் சேர்ந்த சில நூறு பேர் பைலக்குப்பேக்கும் மற்ற இரு மடத்தினர் வட கர்நாடகத்தின் முண்டகோடுக்கும் வந்து சேர்ந்தனர். காடு திருத்தி, மக்காச்சோளம் பயிரிட்டு, கூடாரங்களில் பாடம் நடத்தித் தொடங்கிய அந்த இடத்தில் இன்று பல ஆயிரம் துறவிகள் பயில்கிறார்கள். திபெத்தியரோடு லடாக், அருணாசலப் பிரதேசம், நேபாளம், பூடான், மங்கோலியா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு.

இவர்களின் நாளில் பெரும்பங்கு வாதத்துக்குப் போகிறது. வழிபாடு உண்டு, சடங்கு உண்டு, மடத்து வேலைகளும் உண்டு. ஆனாலும் ஒருவரை இந்த மடத்தின் மாணவர் என்று அடையாளம் காட்டுவது, ஒவ்வொரு நாளும் முற்றத்தில் பல மணி நேரம் நின்றும் அமர்ந்தும் அவர் நடத்தும் தர்க்கம்தான். புத்தர், தருமம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்து, தலை மழித்து, விரதம் ஏற்ற பிறகே இந்தத் தர்க்கம் தொடங்குகிறது. அதாவது, முடிவு எது என்பதை வாழ்க்கையாலேயே ஏற்றுக்கொண்டுவிட்டவர், அந்த முடிவுக்கான காரணங்களை இருபது ஆண்டுகள் கேள்வி கேட்கிறார். இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. சொல்லாலும் கருத்தாலும் ஆன தர்க்கம், சொல்லைக் கடந்ததாகச் சொல்லப்படும் விடுதலைக்கு எப்படி உதவும்? நம்பிக்கை முந்திக்கொண்ட இடத்தில் நடப்பது உண்மையான தேடல்தானா? பௌத்த மரபே இந்த இரண்டையும் தனக்குள் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. சேராவின் மாணவ வாழ்க்கை அந்தக் கேள்விகளுக்கு நடைமுறையில் ஒரு விடையை வைத்திருக்கிறது.

பெரும்பாலோர் சிறு வயதிலேயே வந்து சேர்கிறார்கள். சேரா ஜே, சேரா மே என்ற இரண்டு கல்லூரிகளில் ஒன்றிலும், அதற்குள் தம் பிறந்த பகுதிக்குரிய விடுதியாகிய காங்சென் ஒன்றிலும் இடம்பெறுவார்கள். ஒழுக்கத்தையும் அன்றாடத்தையும் பார்த்துக்கொள்ள மூத்த துறவி ஒருவர் வீட்டாசிரியராக அமைவார். நூல் கற்பிக்கும் ஆசிரியரை மாணவர் பிற்பாடு தாமே தேடிக்கொள்ளலாம். பாடம் பெரும்பாலும் அந்த ஆசிரியரின் அறையில், தரையில் அமர்ந்து நடக்கும். கல்விக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் சில ஆண்டுகள் மனப்பாடத்தில் கழிகின்றன. விடியலுக்கு முன்பே எழுந்து, உடலை முன்னும் பின்னும் அசைத்தபடி, உரத்த குரலில் வரி வரியாக உருப்போடுகிறார்கள். முதலில் வழிபாட்டுப் பாடல்கள், அடுத்து மூல நூல்கள், பின்பு கல்லூரியின் பாடநூல்களிலிருந்து வரையறைகளும் பகுப்புகளும். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொருள் தெரியாமலேயே ஒரு சிறுவன் நெஞ்சில் ஏற்றிக்கொள்வது இன்றைய கல்வியாளர்களுக்கு உவப்பாக இராது. ஆனால் வாத முற்றத்துக்கு யாரும் புத்தகம் கொண்டுபோவதில்லை. மேற்கோள் கேட்டால் அந்த நொடியில் வாயில் வர வேண்டும். தன்னிடம் இல்லாத சொல்லைக் கொண்டு யாரும் சிந்திக்க முடியாது என்பதே இந்த முறையின் அடிப்படை. இரவில், வாதம் முடிந்த பிறகும், அன்று உருப்போட்டதை உலாவிக்கொண்டே ஒப்பிக்கும் குரல்கள் நெடுநேரம் கேட்கும்.

வாதப் பயிற்சி ‘துரா’ எனப்படும் தொகுப்புப் பாடத்தில் தொடங்குகிறது. இருவர் தேவை. ஒருவர் அமர்ந்து பதில் சொல்கிறார், மற்றவர் நின்று கேட்கிறார். நின்று கேட்பவர், அறிவின் போதிசத்துவராகிய மஞ்சுசிரியின் ஓரெழுத்து மந்திரத்தை உரக்கச் சொல்லித் தொடங்குவார். கேள்வியின் முடிவில் இடது காலைத் தரையில் ஓங்கி ஊன்றி, வலக்கையை உயர்த்தி இடக்கையின் மேல் அறைவார். கீழ்ப்பிறவிகளின் வாயிலை இடக்கை அடைக்கிறது, துன்பத்தில் உழலும் உயிர்களை வலக்கை மேலே தூக்குகிறது என்று இந்த அசைவுக்கு மரபு விளக்கம் தருகிறது. நூற்றுக்கணக்கான இணைகள் ஒரே முற்றத்தில் ஒரே நேரத்தில் வாதிடும்போது எழும் ஓசையில் தன் எதிராளியின் குரலை மட்டும் பிரித்துக் கேட்கக் கற்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

அமர்ந்திருப்பவருக்கு உள்ள விடைகள் மிகச் சில. ‘ஏன்?’ என்று காரணம் கேட்கலாம், ‘ஒப்புக்கொள்கிறேன்’ எனலாம், ‘ஏது நிறுவப்படவில்லை’ எனலாம், ‘வியாப்தி இல்லை’ எனலாம். ஏது என்பது காட்டப்படும் காரணம்; வியாப்தி என்பது ஏது இருக்கும் இடமெல்லாம் நிறுவ வேண்டிய பொருளும் இருந்தாக வேண்டும் என்ற பிணைப்பு. தொடக்க மாணவர்களின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நிறங்களைப் பற்றியது. நிறமாக இருப்பவை எல்லாம் சிவப்பு என்று அமர்ந்திருப்பவர் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறார். உடனே மற்றவர், ‘அப்படியானால் வெண்சங்கின் நிறம் சிவப்பாக வேண்டும், அது நிறம் என்பதால்’ என்று கை தட்டுகிறார். ஏது நிறுவப்படவில்லை என்றால், வெண்சங்கின் நிறம் நிறமே அல்ல என்றாகிவிடும். வியாப்தி இல்லை என்றால், முதலில் தாம் ஒப்புக்கொண்டதையே கைவிட வேண்டும். ஒப்புக்கொண்டால் வெள்ளை சிவப்பாகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தம் சொல்லே தமக்கு எதிராக நிற்க, சுற்றியிருப்பவர்கள் ‘ட்ஸா!’ என்று கூவுவார்கள். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கு இது விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பொதுக்கூற்றைச் சொல்லும்போது எவ்வளவு பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

இந்த அமைப்பில் மெய்யியல் நோக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று, இருவரின் கடமைகளும் சமமாக இல்லை என்பது. அமர்ந்திருப்பவர் தம் நிலைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டவர். முன்னுக்குப் பின் முரண்படாமல் காக்க வேண்டியவர். நிற்பவருக்கு நிலைப்பாடே தேவையில்லை. தாம் நம்பாததையும் வாதிடலாம், பௌத்தம் மறுப்பதையும் எடுத்துக்கொண்டு அடிக்கலாம். மறுபிறவி இல்லை என்று ஒருவர் நின்று முழக்கமிட்டால் அது ஒழுக்கக்கேடாகக் கருதப்படாது. வலுவாக வாதிடாவிட்டால்தான் குறை. அடுத்த சுற்றில் அவரே அமர்ந்து அதற்கு எதிரானதைக் காக்க வேண்டிவரும். நம்பிக்கையாளரான மாணவர் நாள்தோறும் தம் நம்பிக்கைக்கு வெளியே நின்று அதைப் பார்க்கும்படி இந்த இருக்கை மாற்றம் செய்துவிடுகிறது.

இந்த முறையின் வேர் தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. பௌத்த அளவையியலை வகுத்த திக்நாகர் (ஏறத்தாழ 480–540) காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய வரலாறுகள் கூறுகின்றன. அவருடைய சிந்தனையை விரித்து ‘பிரமாணவார்த்திகம்’ எழுதிய தர்மகீர்த்தியும் தென்னாட்டவர் என்பது அவற்றின் கூற்று. மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்கு உபதேசிக்கும் பகுதியில் பக்கம், ஏது, திட்டாந்தம் பற்றியும் போலி ஏதுக்கள் பற்றியும் வரும் விளக்கம் திக்நாகர் மரபைச் சேர்ந்தது. சங்கரசுவாமியின் ‘நியாயப்பிரவேசம்’ என்ற நூலோடு அது நெருக்கமாகப் பொருந்துகிறது. தவம் பூணும் பெண்ணுக்கு நால்வகை உண்மைகளோடு தர்க்க இலக்கணத்தையும் சேர்த்தே ஆசான் போதிக்கிறார் என்பதைக் காப்பியத்தின் சுவைக்கு இடையூறாகக் கண்டவர்கள் உண்டு. சேராவில் அப்படி யாரும் எண்ணமாட்டார்கள். துறவுக்கும் அளவைக்கும் உள்ள உறவு அங்கே இன்றும் அன்றாட நடைமுறையாக இருக்கிறது.

அந்த உறவின் தன்மை என்ன என்பதில் திபெத்தில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் டிரிசோங் தெட்சென் முன்னிலையில் சாம்யே மடத்தில் ஒரு வாதம் நடந்ததாக மரபு சொல்கிறது. எண்ணங்கள் நல்லவையானாலும் தீயவையானாலும் அவை மனத்தை மூடும் மேகங்களே, எண்ணத்தை விடுவதே வழி என்றார் சீனத் துறவி ஹேஷாங் மகாயானர். ஆராய்ந்து தெளியாமல் எண்ணத்தை மட்டும் நிறுத்தினால் கிடைப்பது மயக்கமே என்றார் இந்தியாவிலிருந்து வந்த கமலசீலர். கமலசீலர் வென்றார் என்கின்றன திபெத்திய நூல்கள். துன்ஹுவாங்கில் கிடைத்த சீன ஏடு ஒன்று மறுபக்கத்துக்கு வெற்றியைத் தருகிறது. வென்றவர் யாராயினும், கேட்டல், சிந்தித்தல், பாவித்தல் என்ற மூன்று படிகளில் ஞானம் முதிர்கிறது என்ற கமலசீலரின் வரிசையையே கெலுக் மரபு கைக்கொண்டது. வாதம் அதில் நடுப்படி. கேட்டதைத் தனதாக்கிக்கொள்ளும் இடம் அது.

அளவையியல், மருத்துவமும் இலக்கணமும் போல ஓர் உலகியல் கலை, விடுதலைக்கு அதனால் நேர்ப் பயன் இல்லை என்று கருதிய பெரியோர்களும் திபெத்தில் உண்டு. சோங்கபாவும் அவருடைய மாணவர் கியால்சப் தர்மரிஞ்சனும் இதை ஏற்கவில்லை. பிரமாணவார்த்திகத்துக்கு விரிவான உரை எழுதிய கியால்சப், அந்நூலை விடுதலைப் பாதை காட்டும் நூலாகவே படித்தார். அதற்கு நூலிலேயே இடமிருக்கிறது. அதன் பிரமாணசித்தி அதிகாரம், புத்தரை ஏன் நம்பத்தக்க சான்றாகக் கொள்ள வேண்டும் என்று வாதிடுகிறது. கருணை பல பிறவிகள் பயிலப்படாமல் முழுமை அடையாது. எனவே மறுபிறவி நிறுவப்பட வேண்டும். எனவே, உணர்வு உடலிலிருந்து பிறக்கிறது என்னும் உலகாயதருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம்பிக்கையின் அடித்தளத்தையே தர்க்கத்தால் எழுப்ப முனையும் இந்தப் பகுதி சேரா மாணவர்களுக்கு முதன்மையான களம். பழைய திபெத்தில் இதற்கெனவே குளிர்காலத்தில் மூன்று மடத்து மாணவர்களும் லாசாவுக்கு வெளியே ஜாங் என்ற இடத்தில் கூடி ஒரு மாதம் வாதிடுவார்கள். அந்தக் குளிர்கால அவை தென்னிந்திய மடங்களில் இன்றும் கூடுகிறது.

ஆகமத்துக்கும் அறிவுக்கும் உள்ள எல்லையைத் தர்மகீர்த்தி வரைந்த விதமே இந்தக் கல்வியின் முதுகெலும்பு. அறியப்படும் பொருள்கள் மூவகை. கண்முன் தெரிபவை காட்சியால் அறியப்படும். மறைந்திருப்பவை, எடுத்துக்காட்டாகப் பொருள்களின் நிலையாமை, அனுமானத்தால் அறியப்படும். இரண்டுக்கும் எட்டாத மிக மறைந்தவை, எந்த வினைக்கு எந்தப் பயன் என்பது போன்ற நுட்பங்கள், இவற்றுக்கு மட்டுமே ஆகமம் சான்றாகலாம். அப்போதும் அந்த ஆகமம் காட்சியோடும் அனுமானத்தோடும் தன் பிற கூற்றுகளோடும் மோதக் கூடாது. முதல் இரண்டு வகையில் புத்தர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்பது தவறான முறை. மூன்றாம் வகையிலும் ஆகமத்தைச் சார்ந்த அனுமானம் குற்றமற்றதன்று, வேறு வழியில்லாததால்தான் அதைக் கொள்கிறோம் என்று தர்மகீர்த்தி தம் உரையில் ஒளிவின்றி ஒத்துக்கொள்கிறார். ஒரு சமயத்தின் தலையாய அளவையியலாளர் இதைச் சொல்லியிருப்பதும், அந்தச் சமயத்தின் இளந்துறவிகள் அதைப் பாடமாகப் படிப்பதும் மிகுந்த மதிப்புக்குரியவை.

ஆயினும் சுதந்திரம் முழுமையானதென்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ‘யிக்சா’ எனப்படும் பாடநூல் வரிசை உண்டு. சேரா ஜே கல்லூரி ஜெத்சுன் சோக்கி கியால்ட்சன் (1469–1544) எழுதியவற்றையும், சேரா மே கல்லூரி கெத்ருப் தென்பா தார்கே (1493–1568) எழுதியவற்றையும் பின்பற்றுகின்றன. அவையில் அமர்ந்து பதில் சொல்லும் மாணவர் தம் கல்லூரியின் நிலைப்பாட்டைக் காப்பதே வழக்கம். காரணங்களில் எல்லையற்ற துணிவும் முடிவுகளில் பெருமளவு பணிவும் சேர்ந்ததே இந்த அறிவுலகம். இதைப் பொய்த் தேடல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பாடநூல்களுக்கிடையே முரண்பாடுகள் உண்டு, ஜே மாணவர் மே மாணவரோடும் டிரேபுங் மாணவரோடும் மோத வேண்டியிருக்கும், நின்று கேட்பவருக்கோ எந்தக் கட்டும் இல்லை. முடிவு கேட்கப்படாமலேயே நிலைத்துவிடும் இடம் வேறு; முடிவு நாள்தோறும் அடிவாங்கியும் நிற்கும் இடம் வேறு. சேரா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்கே ஒரு கருத்தின் வலுவின்மை எல்லோர் முன்னிலையிலும் வெளிப்பட்டுவிடும். அதைக் கைவிடுவதா, இன்னும் நல்ல காரணம் தேடுவதா என்பது அந்த மாணவரின் மனச்சான்றுக்கு விடப்படுகிறது.

துராவுக்குப் பிறகு மனத்தின் வகைகளையும் ஏதுக்களின் வகைகளையும் பற்றிய பாடங்கள் வரும். அடுத்து ஐந்து பெரு நூல்கள்: மைத்ரேயருடையதாகக் கருதப்படும் ‘அபிசமயாலங்காரம்’, சந்திரகீர்த்தியின் ‘மத்யமகாவதாரம்’, தர்மகீர்த்தியின் நூல், வசுபந்துவின் ‘அபிதர்மகோசம்’, குணபிரபரின் ‘விநயசூத்திரம்’. முழுப் பாடத்துக்கும் இருபது ஆண்டுகள் வரை ஆகும். இந்த வரிசையில் மத்யமகம் வரும் இடம் மெய்யியல் நோக்கில் மிகச் சுவையானது. சிறுவயதிலிருந்து வரையறை, பகுப்பு, வியாப்தி என்று சொற்களைக் கூர்தீட்டிய மாணவருக்கு இப்போது மத்யமக மெய்யியலைத் தோற்றுவித்த நாகார்ச்சுனரின் வழியில், எந்தப் பொருளுக்கும் தனக்கெனச் சொந்தமான இயல்பு கிடையாது என்று காட்டப்படுகிறது. தேடிப் பார்த்தால் எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் சொல்லப்பட்ட பொருள் தனித்து அகப்படாது. தர்க்கத்தின் வழியாகவே தர்க்கம் பற்றிக்கொண்டு நிற்கும் தூண்கள் அசைக்கப்படுகின்றன.

இப்படி எல்லாம் சூனியம் (சொந்த இயல்பற்றது) என்றால் எதையும் நிறுவ வேண்டியதில்லை, தனக்கு எந்த நிலைப்பாடும் இல்லை என்று நாகார்ச்சுனரே சொல்லியிருக்கிறாரே என மாணவர்கள் சிலர் இங்கே தப்பிக்கப் பார்ப்பார்கள். சோங்கபா இந்தத் தப்பும் வழியை அடைத்தார். இயல்பாகவே நிலைபெற்ற நிலைப்பாடு இல்லை என்பதுதான் பொருள். வழக்கு நிலையில் மத்யமகருக்கும் நிலைப்பாடு உண்டு, பிரமாணமும் (நம்பத்தக்க அறிவும்) உண்டு. சார்ந்து தோன்றுவதால்தான் பொருள்கள் சூனியமானவை; சூனியமானவை என்பதால்தான் வினையும் பயனும் நடக்கின்றன. தர்மகீர்த்தியின் அளவையையும் சந்திரகீர்த்தியின் சூனியத்தையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கும்படி இந்தக் கல்வி கேட்கிறது. அறிவுத் துறையில் இதைவிடக் கடினமான கோரிக்கை மிகக் குறைவு. கெலுக் மரபின் தனித்துவமும் இதுவே.

இந்த இணைப்பு நிற்காது என்று உள்ளிருந்தே எழுந்த குரல் கெண்டுன் சோபெல் (1903–1951). டிரேபுங்கின் கோமாங் கல்லூரியில் படித்தபோது வாதத்தில் யாராலும் அடக்க முடியாதவர் என்று பெயர் பெற்றவர், பின் மடத்தை விட்டு வெளியேறி இந்தியாவில் பல ஆண்டுகள் அலைந்தார். லாசா திரும்பியதும் 1946இல் சிறையிலிடப்பட்டார். மறைவுக்குப்பின் வெளிவந்த அவருடைய மத்யமக நூல் ஒரு நேரடிக் கேள்வியை வைக்கிறது: மாயையில் கிடக்கும் மனம் ‘இது பிரமாணம்’ என்று தனக்கே சான்றிதழ் வழங்கிக்கொள்ள முடியுமா? பெரும்பான்மையோருக்கு ஒருபோலத் தெரிவதைத்தானே நாம் உண்மை என்று அழைக்கிறோம்? கெலுக் அறிஞர்கள் இதற்குக் கடுமையான மறுப்புகள் எழுதினார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் வல்லமையை அவருக்குத் தந்ததும் அதே வாத முற்றம்தான்.

தர்க்கம் செருக்கை வளர்க்கும் என்ற அச்சமும் பழையது. 1488இல் எழுதப்பட்ட மிலரேபாவின் வாழ்க்கை வரலாற்றில், அந்தக் குகைத் துறவிக்கு நஞ்சு கொடுக்க ஏற்பாடு செய்பவர் ஒரு கற்றறிந்த கெஷே. கல்வியின் உயர்ந்த பட்டத்தையே தன் வில்லனுக்குச் சூட்டிய அந்த நூலைத் திபெத்தியர் பரவலாக விரும்பிப் படிக்கிறார்கள். இந்திய அளவை மரபு வாதம், சற்பம், விதண்டை என்று பிரித்து, உண்மை காண்பதையும் வெற்றி மட்டும் காண்பதையும் வேறுபடுத்தியது. கொள்கையைக் காக்கச் சூழ்ச்சிச் சொல்லையும் பயன்படுத்தலாம் என்று நியாய மரபினர் இடம் கொடுத்தபோது, தர்மகீர்த்தி ‘வாதநியாயம்’ என்ற நூலில் அதை மறுத்தார். நல்லோர் வாதிடுவது பிறர்க்கு உண்மை விளங்குவதற்காகவே. ஏமாற்றி வென்றதால் விளைவது எதுவுமில்லை. முற்றத்தில் கேலியும் கூச்சலும் தள்ளுமுள்ளும் உண்டு. தோற்றவரின் முகத்தருகே மேலாடையைச் சுழற்றுவதும் உண்டு. சினம் கொண்டவர் தோற்றவராகவே பார்க்கப்படுவார் என்பதால், அவமதிப்பைப் பொறுக்கும் பயிற்சியும் கூடவே நடக்கிறது. எல்லோரும் அதில் தேறுகிறார்கள் என்பதில்லை.

பெண்கள் நெடுங்காலம் இந்தக் கல்விக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். திபெத்திய மரபில் முழு பிக்குணி தீட்சை வழக்கில் இல்லாததால், விநய நூலை முழுமையாகப் படிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்றும், அதனால் கெஷே பட்டமும் இல்லை என்றும் காரணம் சொல்லப்பட்டது. அறிவால் விடுதலை என்று கூறும் மரபு, அறியும் உரிமையைப் பிறப்பால் அளந்தது அதன் சொந்தத் தர்க்கத்துக்கே முரணானது. துறவினியர் தம் மடங்களில் வாதப் பயிற்சியைத் தொடங்கி, குளிர்கால அவையையும் தமக்கென அமைத்துக்கொண்டனர். 2011இல் ஜெர்மனியில் பிறந்த துறவினி கெல்சங் வாங்மோ கெஷே பட்டம் பெற்றார். 2016 டிசம்பரில் முண்டகோட்டில் 20 துறவினியருக்குக் கெஷேமா (பெண் கெஷே) பட்டம் வழங்கப்பட்டது.

இன்னொரு சோதனை அறிவியலிலிருந்து வந்தது. அபிதர்மகோசம் மேருமலையை நடுவில் வைத்து உலகை வரைகிறது. அதைப் பதினான்காம் தலாய் லாமா வெளிப்படையாகவே ஒதுக்கிவிட்டார். ஆய்வு ஒரு பௌத்தக் கூற்றை ஐயத்துக்கிடமின்றிப் பொய்யாக்கினால் அந்தக் கூற்றைக் கைவிட வேண்டும் என்று 2005இல் வந்த தம் நூலில் எழுதினார். இது தர்மகீர்த்தியின் எல்லைக்கோட்டிலிருந்து நேராக வரும் முடிவு. காட்சிக்கு எதிரான ஆகமம் சான்றாகாது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு இயற்பியல், உயிரியல், நரம்பியல் பாடங்கள் மூன்று மடங்களிலும் புகுந்துள்ளன. மேருவை விடுவது எளிதாக இருந்தது, ஏனெனில் விடுதலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உணர்வு மூளையைச் சார்ந்தது மட்டும்தானா என்ற கேள்வியில் அந்த எளிமை இல்லை. மறுபிறவி வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. அந்தக் களத்தில் பழைய உலகாயதருக்குச் சொன்ன விடைகள் போதுமா என்பதை இன்றைய மாணவர் தலைமுறைதான் வாதிட்டுப் பார்க்க வேண்டும்.

படிப்பின் முடிவில் கெஷே பட்டத் தேர்வு. அதில் உயர்ந்தது லாராம்பா. முன்பு லாசாவின் பெருவழிபாட்டுத் திருவிழாவில் ஆயிரக்கணக்கான துறவிகள் சூழ்ந்திருக்க இந்தத் தேர்வு நடக்கும். தலாய் லாமாவே 1959இன் தொடக்கத்தில் அப்படித்தான் தேர்வு எழுதினார், அதாவது எழுதாமல், நாள் முழுவதும் கேட்டவர்க்கெல்லாம் பதில் சொல்லித் தேறினார். இப்போது லாராம்பாவுக்கு மூன்று மடங்களின் மாணவர்களும் சேர்ந்து எழுதும் ஆறாண்டுத் தொடர் தேர்வுகள் இருக்கின்றன. பட்டம் பெற்றவர்கள் ஹுன்சூருக்கு அருகிலுள்ள கியூமே போன்ற தாந்திரிகக் கல்லூரிகளில் சில காலம் பயின்று, பின் பெரும்பாலும் ஆசிரியர்களாகவே காலம் கழிக்கிறார்கள். நெடுந்தியானத்துக்கு ஒதுங்குபவர்கள் சிலரே.

இந்த மடங்களில் பதினைந்து ஆண்டு பயின்று லாராம்பா பட்டம் பெற்ற முதல் மேலை நாட்டவரான ஜார்ஜ் டிரைஃபஸ் படிப்புக்கும் தியானத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கூர்ந்து ஆராய்ந்திருக்கிறார். அபிசமயாலங்காரத்தில் தியான நிலைகள் நுணுக்கமாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஐந்தாறு ஆண்டுகள் வாதிடும் மாணவர் யாரும் அந்த நிலைகளைப் பயில்வதில்லை. அப்படியானால் அந்தப் படிப்பு எதற்கு? பயிற்சிக் கையேடாக அது பயன்படுவதில்லை என்பது அவர் கருத்து. விடுதலை என்ற ஒன்று இருக்கிறது, அதை நோக்கிய வழி ஒழுங்குடையது, மனித முயற்சி அங்கே சென்று சேரக்கூடியது என்ற ஓர் உலகை அது மாணவரின் உள்ளத்தில் கட்டி எழுப்புகிறது; துறவு வாழ்க்கைக்கு அந்த உலகில்தான் பொருள் கிடைக்கிறது. மரபு தரும் விளக்கம் இன்னும் நேரடியானது. கெலுக் முறையின் ஆய்வுத் தியானத்தில் அமர்பவர், ‘நான்’ என்று தோன்றுவது உடலா, உணர்வா, இரண்டின் கூட்டா, இவற்றுக்கு வேறானதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு விடையிலும் உள்ள முரணைக் காண்கிறார். கேட்பவரும் பதில் சொல்பவரும் அங்கே ஒருவரே. ஏது, வியாப்தி, ஒப்புதல் என்ற அதே படிகள்தாம். வாதத்தால் கிடைத்த முடிவு ஐயத்துக்கு இடமின்றி நிலைத்தபின் அதிலேயே மனத்தை நிறுத்துவது பாவனை. மத்யமகம் படித்து முடித்த சேரா மாணவர் எவரும் இந்தப் படிமுறையை அறிந்திருப்பார். அதை நாள்தோறும் செய்து பார்ப்பது அவரவர் பொறுப்பு. மடத்தின் எந்தத் தேர்வும் அதை அளப்பதில்லை.